கேரி தீவின் ஓலை மடிப்பும் நம் வீட்டுக் காகிதக் கைவினையும்

பள்ளி விடுமுறை தொடங்கினால், பிள்ளைகளை எந்தப் பட்டறைக்கு அனுப்பலாம் என்று விசாரிக்கும் பெற்றோர் பலர். காகித மடிப்பு, காகிதப் பூ, வாழ்த்து அட்டை, கையால் காகிதம் செய்தல் எனப் பல வகைப் பட்டறைகள் நகரில் நடக்கின்றன. யோசனை வேண்டும் என்றால் பெரும்பாலோர் ஜப்பானிய ஒரிகாமிப் படங்களையே தேடுகின்றனர். ஆனால் கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் சென்றுவிடக் கூடிய கேரி தீவில், பச்சை ஓலையை மடித்தும் பின்னியும் பூவும் பறவையும் மாலையும் செய்யும் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறது. அதே தீவின் தோட்டங்களில் நூறாண்டுக்கும் மேலாகத் தமிழர்கள் அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருந்து வருகின்றனர்.

அந்த ஓலைக் கலை என்ன, அதற்கும் நம் குருத்தோலைத் தோரணத்துக்கும் காகிதக் கைவினைக்கும் என்ன தொடர்பு, தோட்டத்திலும் தாமானிலும் இருப்பவர்கள் சிறு பட்டறை ஒன்றை எப்படி நடத்தலாம் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

தீவும் அதன் மக்களும்

கேரி தீவு சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில், கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே உள்ளது. லங்காட் ஆறு அதை நிலப்பகுதியிலிருந்து பிரிக்கிறது. தெலுக் பங்ளிமா காராங் பக்கமிருந்து பாலம் வழியாகத் தீவுக்குள் செல்லலாம். எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு ரப்பர் நடப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்து குடியேறினர். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கோல்டன் ஹோப் நிறுவனத்தின் கையில் இருந்த தோட்டங்கள், 2007இல் நடந்த இணைப்பின் மூலம் சைம் டார்பியின் கீழ் வந்தன. அந்தத் தோட்ட நிறுவனம் 2024இல் எஸ்டி கத்ரி எனப் பெயர் மாறியது.

தோட்டம் வருவதற்கு முன்பே அங்கிருந்தவர்கள் மா மெரி மக்கள். மலேசியத் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களை 18 இனக்குழுக்களாகவும், அவற்றை நெகரிட்டோ, செனோய், மலாய மூதாதையர் என மூன்று பெரும் பிரிவுகளாகவும் வகைப்படுத்துவர். மா மெரி மக்கள் செனோய் பிரிவில் வைக்கப்படுகின்றனர். அவர்கள் மொழியில் 'மா' என்றால் மக்கள், 'மெரி' என்றால் காடு. பழைய நூல்களில் அவர்கள் பெசிசி என்றும் குறிப்பிடப்படுகின்றனர். அவர்களது மொழி மலாய் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. கெமர், மோன் மொழிகளும் இந்தியாவின் சந்தாலி, காசி மொழிகளும் அடங்கிய ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது.

சிலாங்கூர் கடலோரத்தில் வாழும் இந்த இனத்தவர் சில ஆயிரம் பேர் மட்டுமே. கேரி தீவில் சுங்கை பும்புன் கம்பம் அவர்களது கைவினைக்குப் பெயர் பெற்றது. மா மெரி பண்பாட்டுக் கிராமமும் அங்குதான் அமைந்துள்ளது.

ஓலையில் பிறக்கும் உருவங்கள்

மா மெரி கைவினை என்றதும் பலர் நினைப்பது மரச்சிற்பத்தையும் முகமூடியையும்தான். சதுப்புநிலக் காட்டில் வளரும் நீரே பத்து என்ற கடினமான செம்மரத்தில் அவர்கள் முன்னோர் ஆவிகளின் உருவங்களைச் செதுக்குகின்றனர். ஒரே கட்டையில் சங்கிலி வளையங்களோடு சேர்த்துக் குடைந்தெடுக்கும் புலிச் சிற்பம் மிகவும் புகழ்பெற்றது. மா மெரி சிற்பங்கள் யுனெஸ்கோவின் கைவினைத் தர முத்திரையையும் பெற்றுள்ளன.

மரவேலை பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்க, ஓலை வேலை பெண்கள் கையில் இருக்கிறது. அதற்கு இரண்டு மூலப்பொருள்கள். ஒன்று, ஆற்றுச் சேற்றில் வளரும் நிப்பா பனையின் இளங்குருத்து. மற்றொன்று, மெங்குவாங் எனப்படும் தாழை. நம் சமையலறையில் புழங்கும் பாண்டான் இலைக்கு இது நெருங்கிய உறவு.

நிப்பா குருத்தைப் பிரித்தால் வெளிர்மஞ்சள் நிறத்தில் நீண்ட நாடாக்கள் கிடைக்கும். கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல், மடித்து, சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகியே அந்த நாடாவிலிருந்து பூவும் பறவையும் பூச்சியும் உருவாக்கப்படுகின்றன. இவை வெறும் அலங்காரம் அல்ல. ஹரி மோயாங் எனப்படும் முன்னோர் நாளில், படையல் இடத்தையும் ஆடுவோரையும் அணிசெய்வது இந்த ஓலை வேலைப்பாடுதான். அந்நாள் பொதுவாகச் சீனப் புத்தாண்டுக்குப் பின் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வரும். 'ஜோ ஓ' என்ற ஆட்டத்தில் பெண்கள் ஓலைப் பாவாடையும் ஓலைக் கிரீடமும் குறுக்கே ஓலை மாலையும் அணிந்து, மண்மேடு ஒன்றைச் சுற்றி ஆடுகின்றனர். ஆண்கள் மர முகமூடி அணிந்து அவர்களோடு சேர்கின்றனர். விழாவுக்கு விழா ஓலை புதிதாக வெட்டப்படுகிறது. முடிந்ததும் காய்ந்து போகிறது. அதனால் கைப்பழக்கம் மட்டுமே இந்தக் கலையைச் சேமித்து வைக்கும் இடம். ஒரு தலைமுறை மடிக்காமல் விட்டால் பார்த்துக் கற்பதற்குப் பழைய பொருள்கூட மிஞ்சாது.

முள்ளோடு தொடங்கும் வேலை

தாழையில் பின்னப்படும் பாய், பை, சிறு பெட்டி ஆகியவை நீண்ட நாள் நிற்கும். ஆனால் அதற்கான தயாரிப்பு எளிதன்று. தாழை மடலின் இரு ஓரத்திலும் நடு நரம்பிலும் முள் இருக்கும். அவற்றை முதலில் சீவி எறிய வேண்டும். மடலை நெருப்பில் வாட்டி இளக்குவர். பிறகு பற்கள் பதித்த சிறு கருவியால் ஒரே அகலமுள்ள கீற்றுகளாகக் கிழிப்பர். அக்கீற்றுகளைத் தேய்த்து மென்மையாக்கி, வேகவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைப்பர். வண்ணம் வேண்டுமானால் சாயத்தில் மீண்டும் கொதிக்க வைக்க வேண்டும். பின்னத் தொடங்குவதற்கு முன்பே பல நாள் உழைப்பு செலவாகிவிடுகிறது. ஒரு சிறு பெட்டியின் விலையைப் பார்த்து 'இவ்வளவா?' என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை நினைவில் கொள்ள வேண்டும்.

சுங்கை பும்புன் பெண்கள் 'தொம்போ தொப்போ' என்ற பெயரில் ஒரு பின்னல் குழுவாகச் சேர்ந்து இயங்குகின்றனர். பின்னலின் தொடக்க நிலையைக் குறிக்கும் சொல் அது. ஒராங் அஸ்லி கைவினைகளை நகரத்துக்குக் கொண்டுவந்து விற்க உதவும் தன்னார்வ அமைப்பான கெராய் ஓஏ, விற்ற பணத்தை முழுமையாகச் செய்தவர்களிடமே சேர்க்கும் முறையைக் கடைப்பிடித்து வருகிறது. இடைத்தரகர் எடுத்தது போக மிச்சம் என்ற நிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்டப்புற மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஒரே ஓலை, மூன்று வீடுகள்

மா மெரி ஓலைப்பூவைப் பார்க்கும் தமிழருக்கு உடனே நினைவுக்கு வருவது தோரணம். தைப்பூசம், திருமணம், கோயில் திருவிழா, தோட்டத்து மாரியம்மன் கரகம் என எதுவானாலும் குருத்தோலைத் தோரணம் இல்லாமல் பந்தல் நிறைவதில்லை. தென்னங்குருத்தின் ஈர்க்கைச் சீவி, ஓலையைக் கீறி, மடித்து, நுனியைச் செருகிக் குருவியும் கிளியும் செய்யும் பெரியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தனர். ஓலைக் குருவிகளின் எண்ணிக்கையை வைத்தே மங்கலத் தோரணம் எது, அமங்கலத் தோரணம் எது என்று பிரித்தறியும் வழக்கும் தமிழரிடையே உண்டு. தெரியாதவர் கட்டினால் கல்யாண வீட்டில் சாவு வீட்டுத் தோரணம் தொங்கிவிடும் என்று பெரியவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

அதே தென்னங்குருத்தில் மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துபாட் உறை பின்னுகின்றனர். இரண்டு நாடாக்கள், மேல் ஒன்று கீழ் ஒன்று என மாறி மாறிச் சென்று, கடைசியில் இழுத்து இறுக்கினால் அரிசி வேகும் பெட்டி தயார். மா மெரியின் நிப்பா பூ, தமிழரின் தோரணக் குருவி, மலாய்க்காரரின் கெத்துபாட் மூன்றுக்கும் அடிப்படை அசைவுகள் ஒன்றே: மடி, சுற்று, செருகு, இறுக்கு. சீனர்கள் முன்னோர் வழிபாட்டுக்குப் பொன்னிறத் தாளைத் தங்கக் கட்டி வடிவில் மடிப்பதையும் சேர்த்தால், ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்துவிடுகிறோம்.

மடிப்புக் கலையைத் தேடி ஜப்பான் வரை போக வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று. நம் வீட்டு வாசலிலேயே அது தொங்கிக் கொண்டிருந்தது. இன்று பல வீடுகளில் அங்கே தொங்குவது பிளாஸ்டிக் மாவிலை.

சென்னையில் அச்சான காகித மடிப்பு நூல்

தமிழர் வரலாற்றில் எழுத்து நெடுங்காலம் ஓலையில்தான் இருந்தது. காகிதம் சீனாவில் பிறந்தது. கி.பி. 105இல் அரசவை அதிகாரி காய் லுன் மரப்பட்டை, கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையைப் பேரரசரிடம் அறிவித்ததாகச் சீன வரலாறு சொல்கிறது. வேண்டாத பொருளிலிருந்து வேண்டிய பொருள் என்பது காகிதத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

காகித மடிப்பு பற்றிப் பேசும்போது நம்மவர் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. காகித மடிப்பின் வழியே வடிவியல் கற்பிக்கும் உலகப் புகழ்பெற்ற நூல் ஒன்று 1893இல் சென்னையில் அடிசன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. எழுதியவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த டி. சுந்தர ராவ் என்ற அரசு அதிகாரி. ஜெர்மானியக் கல்வியாளர் ஃபுரோபல் மழலையர் பள்ளிக்காக வகுத்த காகித மடிப்புப் பயிற்சியே அவருக்குத் தூண்டுதல். வண்ணச் சதுரத் தாள்களை வைத்துக் குழந்தைகள் விளையாடும் ஒன்றை எடுத்து, கவராயமும் அளவுகோலும் இல்லாமல் முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் முதலியவற்றை மடித்தே காட்டினார். ஜெர்மனியின் பெரும் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். அதன் வழியே அமெரிக்கர்களான பெமன், ஸ்மித் இருவரும் இந்நூலை அறிந்து பதிப்பிக்க, 1901இல் சிகாகோவில் வெளியானது. இன்றும் மறுபதிப்புகள் கிடைக்கின்றன.

அந்த முறையில் வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடிய பயிற்சி ஒன்று: ஒரு சதுரத் தாளை நெடுக்காகச் சரிபாதியாக மடித்துப் பிரிக்கவும். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்திருக்கும். இப்போது கீழ் இடது மூலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் வைக்கவும். மூலை தொட்ட இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துத் தாளைப் பிரிக்கவும். அந்தப் புள்ளியையும் கீழ் இரு மூலைகளையும் இணைத்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் கிடைக்கும். இடது மூலையிலிருந்து புள்ளிவரை உள்ள நீளம் தாளின் அடிப்பக்க நீளமே. ஏனெனில் அந்த அடிப்பக்கம்தான் திரும்பி அங்கு வந்தது. புள்ளி நடுக்கோட்டில் இருப்பதால் வலது மூலைக்கும் அதே தூரம். ஆறாம் வகுப்பு மாணவர் இதைச் செய்து, காரணத்தையும் தாமே சொல்லிவிட்டால், அன்றைய கணக்குப் பாடம் முடிந்தது.

கைக்காகிதத்துக்கு உழைத்த தஞ்சாவூர்க்காரர்

கையால் செய்யும் காகிதத்துக்கும் தமிழர் தொடர்பு உண்டு. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் கிராமியப் பொருளாதாரச் சிந்தனைக்கு வடிவம் கொடுத்தவர். 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்தார். எண்ணெய் ஆட்டுதல், வெல்லம் காய்ச்சுதல், தேனீ வளர்ப்பு ஆகியவற்றோடு கைக்காகிதமும் அச்சங்கம் மீட்டெடுக்க முயன்ற தொழில்களில் ஒன்று. ஆலைக் காகிதத்தின் வரவால் நலிந்துபோன தொழில் அது. ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிலகம் 1959 முதல் இயங்குகிறது. மரக்கூழ் இல்லாமல், பனியன் ஆலைகளில் மிஞ்சும் பருத்தித் துணியைக் கூழாக்கி அங்கு காகிதம் செய்கின்றனர். பூவிதழ், வைக்கோல், இலை ஆகியவை பதித்த தாள்கள், குறிப்பேடுகள், விளக்குக் கூடுகள் என அது ஒரு தொழிலாகவே நிலைபெற்றுவிட்டது. ஜப்பானின் வாஷி காகிதச் செய்முறை 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

செம்பனைத் தோட்டத்திலும் காகிதத்துக்கான மூலப்பொருள் இருக்கிறது. ஆலையில் பழத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் வெறும் குலை, எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதன் நாரிலிருந்து காகிதக் கூழ் தயாரிக்கலாம் என்பதை மலேசிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும் நாரை வேகவைக்கவும் கடுமையான காரம் தேவைப்படுவதால் இது வீட்டிலோ பள்ளியிலோ செய்யத்தக்கது அன்று. வீட்டுக்கு ஏற்றது பழைய தாள்தான்.

பழைய பயிற்சிப் புத்தகத்திலிருந்து புதுத் தாள்

ஆண்டு முடிவில் எல்லா வீட்டிலும் பழைய பயிற்சிப் புத்தகங்கள் குவியும். அவற்றிலிருந்து புதுத் தாள் செய்யத் தேவையானவை: இரண்டு மரச் சட்டங்கள் (பழைய படச் சட்டம் போதும்), கொசுவலைத் துண்டு, அகலமான தொட்டி, சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பிளெண்டர், பழைய துண்டுகள், கடற்பஞ்சு.

முதலாவதாக, தாளைப் பெருவிரல் நக அளவுக்குக் கிழித்து ஓர் இரவு தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பளபளப்பான விளம்பரத் தாளைத் தவிர்க்கலாம். கம்பி ஊசிகளை முன்பே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவதாக, ஒரு கைப்பிடி ஊறிய தாளுக்கு முக்கால் ஜாடி தண்ணீர் என்ற கணக்கில் அரைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் பிளெண்டர் சூடாகிவிடும்.

மூன்றாவதாக, அரைத்த கூழைத் தொட்டித் தண்ணீரில் கொட்டிக் கலக்க வேண்டும். நீர்த்த கஞ்சிபோல் இருந்தால் சரி. தாள் தடிப்பாக வேண்டுமானால் கூழைக் கூட்டலாம்.

நான்காவதாக, கொசுவலை இறுக்கி அடித்த சட்டத்தை வலைப்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, அதன்மேல் வெறும் சட்டத்தை வைத்து, இரண்டையும் சாய்வாக நீரில் இறக்கிக் கிடைமட்டமாகத் தூக்க வேண்டும். தூக்கியவுடன் இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தால் நார்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். காகிதத்தின் உறுதி இந்த அசைவில்தான் இருக்கிறது.

ஐந்தாவதாக, நீர் வடிந்ததும் மேல் சட்டத்தை எடுத்துவிட்டு, வலையை ஈரத் துண்டின்மேல் கவிழ்த்து, பின்பக்கம் கடற்பஞ்சால் ஒற்ற வேண்டும். தாள் துண்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இன்னொரு துண்டை வைத்து அழுத்தி, நிழலில் காயவைக்க வேண்டும். நம் நாட்டு ஈரக் காற்றில் ஓரிரு நாள் ஆகலாம். மழைக்காலத்தில் மின்விசிறி உதவும்.

கூழில் சாமந்தி இதழ், துளசி, காய்ந்த வேப்பிலை, மஞ்சள்தூள் கலந்து பார்க்கலாம். மஞ்சளின் நிறம் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும். மிஞ்சிய கூழைத் தொட்டி வாயிலில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் வடிகட்டிப் பிழிந்து, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பட்டறை நடத்துவோருக்கு

தோட்டக் கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி வகுப்பறை, குடியிருப்பின் பொது மண்டபம் ஆகிய எதிலும் பட்டறை நடத்தலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கமோ இளைஞர் மணிமன்றமோ முன்னின்றால் செலவு பெரிதாக இராது. கவனிக்க வேண்டியவை சில.

இரண்டு மணி நேரப் பட்டறைக்கு ஒரே ஒரு பொருள் போதும். நான்கைந்து பொருளைக் காட்டி எதையும் முடிக்காமல் அனுப்புவதைவிட, ஒவ்வொருவரும் தாம் செய்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதே நல்லது.

ஓலை மடிப்பைக் கற்பிக்கும் முன், இரண்டு சென்டிமீட்டர் அகலமும் அறுபது சென்டிமீட்டர் நீளமும் உள்ள காகித நாடாக்களில் பழக்கலாம். காகிதம் மடித்த தடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். தவறினால் பிரித்து மீண்டும் மடிக்கலாம். பச்சை ஓலை ஒரு முறை கிழிந்தால் அவ்வளவுதான். கை பழகிய பிறகு குருத்தோலைக்கு மாறலாம். அடுக்குமாடியில் வாழ்வோருக்குக் குருத்தோலை எளிதில் கிடைக்காது என்பதாலும் இம்முறை உதவும்.

இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் மட்டும் சொல்லிக்கொடுத்தால் பின்வரிசை தேங்கிவிடும். ஐந்து பேருக்கு ஒரு பெரியவர் என அமர்த்துவது நல்லது. அந்தப் பெரியவர், தோரணம் கட்டத் தெரிந்த தாத்தாவாகவோ, மாலை கட்டத் தெரிந்த பாட்டியாகவோ இருந்தால் மிகச் சிறப்பு. பட்டறைக்கு வெளியிலிருந்து பயிற்றுநர் தேடுவதற்கு முன், உள்ளூரில் யாருக்குக் கைவேலை தெரியும் என்று ஒரு பட்டியல் எடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் உரிய சன்மானம் தரப்பட வேண்டும். 'நம்ம தாத்தாதானே' என்று சும்மா விட்டுவிடுவதால்தான் அடுத்த தலைமுறைக்கு இது ஒரு வேலையாகவே தோன்றாமல் போகிறது.

மா மெரி கலையிலிருந்து கற்கும்போது

ஓலை மடிப்பின் பொது நுணுக்கங்களைக் கற்பதில் யாருக்கும் தடையில்லை. ஆனால் முன்னோர் ஆவிகளைக் குறிக்கும் முகமூடிகளும் சடங்குக்கான அணிகலன்களும் அவர்களுக்கு வழிபாட்டுப் பொருள்கள். நம் கோயில் வேலையும் கரகமும் விளையாட்டுப் பொருளாகச் செய்யப்பட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் எல்லை எது என்பது புரியும். கம்பத்துக்குச் செல்வோர் முன்கூட்டியே தொடர்புகொண்டு, கேட்டுப் படம் எடுத்து, பேரம் பேசாமல் வாங்குவது முறை. பட்டறை நடத்த மா மெரி பெண்களை அழைப்பவர்கள், போக்குவரத்துச் செலவோடு ஓலை வெட்டித் தயாரித்த நாள்களுக்கான கூலியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தீவுக்குச் செல்ல முடியாதவர்கள் கோலாலம்பூரிலேயே இக்கலையைப் பார்க்கலாம். தேசிய அருங்காட்சியக வளாகத்தில் ஒராங் அஸ்லி கைவினை அருங்காட்சியகம் உள்ளது. மா மெரி, ஜா ஹூட் மக்களின் மரச்சிற்பங்களை அங்குக் காணலாம். கே.எல். சென்ட்ரலுக்கு வருவோர் நடந்தே செல்லும் தூரம் என்பதால் பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்கு இது மிக அருகில். கோம்பாக்கில் ஒராங் அஸ்லி அருங்காட்சியகம் தனியாக உள்ளது. 1888இல் சந்தையாகத் தொடங்கிய பாசார் செனி, 1980களில் இடிபடாமல் காப்பாற்றப்பட்டுக் கைவினை மையமாக மாறியது. ஜாலான் கோன்லேயில் உள்ள கோலாலம்பூர் கைவினை வளாகத்திலும் கைவினைஞர்கள் வேலை செய்வதை நேரில் பார்க்கலாம்.

மூலப்பொருள் இருந்தால்தான் கலை

ஓலைக் கலைக்கு இன்று இரண்டு பக்கம் நெருக்கடி. ஒன்று, கற்பவர் குறைவது. மற்றொன்று, மூலப்பொருள் குறைவது. நிப்பாவும் நீரே பத்து மரமும் வளரும் சதுப்புநிலக் காடு சுருங்கினால் சிற்பமும் ஓலைப்பூவும் கூடவே சுருங்கும். கேரி தீவில் பெரிய துறைமுகம் அமைக்கும் திட்டம் 2017இல் வெளிப்படையாகப் பேசப்பட்டது. அதன் பிறகு அது நிறுத்தப்படுவதும் மீண்டும் பேசப்படுவதுமாக இருக்கிறது. அந்தத் தீவின் எதிர்காலம் குறித்த எந்த முடிவும் மா மெரி கம்பங்களையும் தோட்டத் தமிழர் குடியிருப்புகளையும் ஒருசேரத் தொடும். தோட்டங்கள் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டபோது கோயிலும் பள்ளியும் இடுகாடும் என்ன ஆயின என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் பட்டு அறிந்தவர்கள். காடு போனால் கைவினை போகும் என்று மா மெரி மக்கள் சொல்வதை அவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர் யாரும் இல்லை.

தமிழர் பக்கத்தில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. தென்னை இன்னும் இருக்கிறது. பழைய தாள் எல்லா வீட்டிலும் இருக்கிறது. குறைவது, உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் நேரமும் கற்றுக்கொள்ளும் பொறுமையும்தான். அடுத்த கோயில் திருவிழாவுக்குத் தோரணத்தைக் கடையில் வாங்குவதற்குப் பதிலாக, இரண்டு நாள் முன்பு பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் அமரவைத்து, தெரிந்த பெரியவர் ஒருவரைக் கொண்டு கட்டச் செய்யலாம். முதல் ஆண்டு குருவிகள் கோணலாகத்தான் வரும். மூன்றாம் ஆண்டில் பிள்ளைகளே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.